கம்பளக் கமிட்டியின் தலைவர்

புயலுக்கு முன்னால் ஊரைக் காலி செய்யச் சொல்லி மூன்று நாளாக ஒலிபெருக்கி கத்தியது. டெக்சாஸ் கடற்கரையோர டோலிவர் ஊரில் புத்தியுள்ளவர்கள் எல்லோரும் வடக்கே கிளம்பிவிட்டார்கள். டெல்மர் ஃபான்டனோ கிளம்பவில்லை. அவர் மனைவி இமோஜின், லஃப்கினில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகக் காரில் ஏறியபோது, "நான் இருந்து வீட்டப் பாத்துக்கறேன்" என்றார்.

"வீட்டையா, கார்ப்பெட்டையா?" என்றாள் இமோஜின், கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்வதில் இதுதான் சிரமம். பதிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாள்.

டோலிவர் பாப்டிஸ்ட் சபையில் திரித்துவம் பற்றியோ ஞானஸ்நானம் பற்றியோ சண்டை வந்து யாருக்கும் நினைவில்லை. ஆலயத்தின் தரைக்குக் கம்பளம் போடுவதா, போட்டால் என்ன நிறம் என்பதில் மட்டும் இரண்டு வருடம் அடித்துக்கொண்டார்கள். சிஸ்டர் ஓரா மே நீலம்தான் வேண்டும் என்று நின்றாள். வானம் நீலம், பரலோகம் வானத்தில் இருக்கிறது, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டாள். கோபித்துக்கொண்டு நான்கு குடும்பங்கள் எதிர்ச்சாரியில் இருக்கும் மெதடிஸ்டுகளிடம் போய்விட்டன. அங்கே தரை வெறும் ஓடு. கடைசியில் கம்பளக் கமிட்டியின் தலைவரான டெல்மர் ஆழ்ந்த சிவப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரன் அதை ‘ஒயின் நிறம்’ என்றான். குடியைத் தொடாத சபை. அந்த வார்த்தையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத யாருக்கும் கை வரவில்லை. ‘திராட்சைச் சாறு நிறம்’ என்று எழுதி நிறைவேற்றினார்கள்.

கம்பளம் விரித்துப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. அத்தோடு வாசல் கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டார்கள். அதற்கு ஒரே ஒரு சாவி. அதை டெல்மர் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை என்பது இமோஜினின் புகார்.

இன்னொரு பொறுப்பும் அவருக்கு இருந்தது. சபைக்கு முன்னால் சாலையோரம் நிற்கும் எழுத்துப் பலகை. தனித்தனி எழுத்துகளைப் பலகையின் பள்ளத்தில் செருகி வாரம் ஒரு வாக்கியம் வைக்க வேண்டும். ‘தூக்கம் வரவில்லையா? ஞாயிறு பிரசங்கத்துக்கு வாருங்கள்’ என்று ஒருமுறை வைத்தபோது லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். பதினோரு வருடமாக டெல்மருக்குக் கிடைத்த கைதட்டல் அந்த ஹாரன்தான். ஆங்கில எழுத்துப் பெட்டியில் ‘ஓ’ எப்போதும் குறைவு; சுழியத்தை வைத்து ஒப்பேற்றுவார்.

புயல் பருவம் தொடங்கிய ஜூன் மாதத்தில் அவர் வைத்த வாக்கியம் இது: ‘எந்தப் புயலிலும் எங்கள் கதவு திறந்திருக்கும். உள்ளே வாருங்கள்.’

அவர் மனதில் இருந்தவை குடி, விவாகரத்து, மேலாளர் கொடுமை மாதிரியான புயல்கள். காற்றடிக்கிற புயலை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வினோனா என்று பெயர் வைத்த அந்தப் புயல் வெள்ளிக்கிழமை கரையேறியது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கும் மழை விடவில்லை. டெல்மர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அதைப் பற்றி ஆண்டவரிடம் பேச அவருக்கு நேரமில்லை; இடுப்பளவு வெள்ளத்தில் நடந்து ஆலயத்துக்குப் போனார். ஆலயம் மேட்டில் இருந்தது. ஐந்து படி. மூன்றாவது படி வரை தண்ணீர் வந்து நின்றிருந்தது.

வாசலில் பூட்ஸைக் கழற்றினார். இறால் பிடிப்பவர்கள் போடுகிற வெள்ளை ரப்பர் பூட்ஸ். ஊரில் பாதிப் பேர் காலில் அதுதான். இவருடைய இடது காலில் மட்டும் சைக்கிள் டியூப் ஒட்டுகிற சிவப்பு ரப்பரால் ஒரு ஒட்டு இருக்கும். இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு, ஈரக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, பையிலிருந்து காய்ந்த சாக்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே போய்க் கதவைப் பூட்டினார். பூட்டாவிட்டால் காற்று தள்ளித் திறந்தது.

மண்டியிட்டுக் கம்பளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஸ்தோத்திரம்" என்றார்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் நல்ல மேய்ப்பன் படம் போட்ட வண்ணக் கண்ணாடி. ஆட்டுக்குட்டியின் வயிறு மட்டும் கொஞ்சம் வெளுத்த கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் வெளியே தெரியும். டெல்மர் ஆட்டுக்குட்டியின் வயிற்றில் கண்ணை வைத்தார். ஏழு பேர், ஒரு நாய். ஓடைக்கரையில் வரிசையாக நிற்கும் பழைய டிரெய்லர் வீடுகளில் இருப்பவர்கள். தொடை வரை கறுப்புச் சேறு, அதன்மேல் டீசல் மினுமினுப்பு. பெரியவர் ஒருவரைச் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளி வந்திருந்தார்கள். வண்டியோடு அவரைப் படியேற்ற முடியாமல் பலகைக்குக் கீழேயே நிறுத்தியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் தண்ணீருக்குள் இருந்தது.

டெல்மரின் கை சாவி வரைக்கும் போனது. இதைப் பிற்பாடு அவர் ஆண்டவரிடம் பலமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தார்: கை சாவி வரைக்கும் போனது. ஆண்டவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் பிளாஸ்டிக் விரிக்கலாம் என்று நினைத்தார். விரித்துவிட்டுத் திறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சாமான் அறையில் தேடி ஒரு சுருளை எடுத்து வந்தார். அது மூன்றாவது பெஞ்சோடு தீர்ந்துபோனது. அதற்குள் ஐந்து நிமிடமாகிவிட்டது. ஐந்து நிமிடம் ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அதை யோசித்ததில் பத்து நிமிடமானது. பத்து நிமிடத்துக்குப் பதில் தேடியதில் இருபது. பிறகு திறக்கவே முடியாதபடி ஆகிவிட்டது. சாக்ஸ் போட்ட காலோடு, மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் சுருளைக் குழந்தை மாதிரி அணைத்தபடி நின்றார்.

"போர்டுல தெறந்திருக்கும்னு போட்டிருக்கே!" வெளியே ஒரு பெண் கத்தினாள்.

"போர்டுல என்னத்த வேணா போடுவாங்க. ஆளிருந்தாத்தான தெறப்பாங்க" என்றது ஒரு ஆண் குரல்.

பெரியவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. நாய் மட்டும் இரண்டு தடவை குரைத்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் படகு ஒன்று வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. மொத்தம் நாற்பது நிமிடம். டெல்மர் கடிகாரத்தைப் பார்த்திருந்தார். ஏன் பார்த்தோம் என்று பிறகு வருத்தப்பட்டார். படகுச் சத்தம் ஓய்ந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகவே வீட்டுக்குப் போனார்.

படகுக்காரன் அவர்களை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து, அன்று இரவே இணையத்தில் போட்டிருந்தான். மேலே வாக்கியம். கீழே தள்ளுவண்டியில் பெரியவர். பின்னால் மூடிய கதவு.

மறுநாள் மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போனால் போனில் சிக்னல் கோடு வருகிறது என்று கேள்விப்பட்டு டெல்மர் அங்கே போனார். முதல் அழைப்பு இமோஜின்.

"டெல்மர், நம்ம சபை டிவில வருது."

"நல்லபடியாவா?"

"நல்லபடியா இருந்தா எதுக்கு டிவில வரப்போவுது?"

இரண்டாவது அழைப்பு பாஸ்டர் லேசி. மகளின் பிரசவத்துக்காகப் புயலுக்கு முந்தின வாரமே டைலர் நகரத்துக்குப் போனவர்.

"பிரதர் டெல்மர், அன்னிக்கு உள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரும் இல்ல பாஸ்டர். வெள்ளிக்கிழமையே பூட்டிட்டு வந்துட்டேன்."

சொல்லி முடித்தபிறகுதான் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே தெரிந்தது. பலகையில் ஒரு வாக்கியம் வைக்க அவருக்கு ஒரு மணி நேரமாகும்.

பாஸ்டர் அதை நம்பி டிவியில் சொன்னார்: "கட்டடத்துல ஒருத்தரும் இல்ல. இருந்திருந்தா தெறந்திருப்போம். நான் ஊர்ல இல்லாதது என் தப்பு." நாட்டுக்கு அதில் கடைசி வாக்கியம் மட்டும் கேட்டது. புயலுக்குப் பயந்து மந்தையை விட்டு ஓடின மேய்ப்பன் என்று எழுதினார்கள். பிறந்த பேத்தியைத் தூக்கிவைத்திருந்த அவர் படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

தபால் மறுபடி வரத் தொடங்கியதும் சாவிகள் வந்தன. முதல் சாவி ஒஹாயோவிலிருந்து. ‘உங்களுக்கு இது தேவைப்படும்போல இருக்கிறது’ என்று ஒரு துண்டுக் காகிதம். யாரோ அதைப் படம்பிடித்துப் போட்டிருக்க வேண்டும். அப்புறம் பத்து, ஐம்பது, தினமும் ஒரு பை. வீட்டுச் சாவி, கார் சாவி, பெட்டிச் சாவி, யாரோ ஒரு சின்னப் பெண்ணின் டைரிக்கான துக்குணிச் சாவி. கைவிலங்குச் சாவி ஒன்றும் வந்தது. அனுப்பினவர் யார் என்று யோசிக்க டெல்மருக்குத் தைரியமில்லை. எல்லாவற்றையும் சபை விருந்தில் கம்போ என்கிற குழம்பு காய்ச்சுகிற பெரிய அலுமினியப் பாத்திரத்தில் போட்டுவைத்தார். ஒவ்வொன்றும் விழும்போது ஒரு சத்தம் வரும். தபால்காரப் பெண் தினமும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

"நானூறு தாண்டிருச்சு பிரதர். பாவம் பாஸ்டர்."

"ஆமா. பாவம்."

சாவிகளுக்குப் பின்னால் லாரிகள் வந்தன. திட்டுகிறவர்கள் ஒருபக்கம் திட்ட, இரக்கமுள்ளவர்கள் தங்கள் பரணைக் காலி செய்து அனுப்பினார்கள். செப்டம்பரிலும் வெயில் கொளுத்தும் டெக்சாஸுக்குப் பனிக்கால மேலங்கிகள் வந்தன. ஒரு கல்யாண கவுன். பௌலிங் என்கிற பந்துருட்டும் கூடத்தில் போடுகிற சிவப்பும் பச்சையுமான செருப்புகள் இரண்டு மூட்டை. டப்பாவில் அடைத்த பூசணிக்காய் விழுது, ஊர் முழுக்க ஒரு வருடம் தின்றாலும் தீராத அளவு. எல்லாம் ஆலயத்துக்குள் குவிந்தன; உதவி வாங்க வந்தவர்கள் சேற்றுக் காலோடு அவற்றைச் சுற்றி நடந்தார்கள். இரண்டே நாளில் கம்பளம் என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போனது.

"நான் சொன்ன நீலம் போட்டிருந்தா இவ்ளோ அழுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் ஓரா மே.

டெல்மர் விடியலில் வந்து இருட்டும்வரை மூட்டை சுமந்தார். இவ்வளவு உழைத்தால் அந்த நாற்பது நிமிடம் தானாகக் கரைந்துபோகும் என்று ஒரு நம்பிக்கை. அது கரையவில்லை, பாராட்டுதான் சேர்ந்தது. "சொந்த வீட்டுல சேறு காயல, இங்க வந்து உயிரக் குடுக்கறாரு பாருங்க! பாஸ்டரா இருந்தா இப்பிடி இருக்கணும்" என்று ஓரா மே எல்லோர் முன்னாலும் அவர் தோளைத் தட்டினாள். அந்தக் கையோடு பாஸ்டரை நீக்கக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சபை வழக்கப்படி பாஸ்டரை வைப்பதும் அனுப்புவதும் அங்கத்தினர்களின் ஓட்டு. மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓட்டு என்று முடிவானது. டைலரிலிருந்து திரும்பியிருந்த பாஸ்டர் லேசி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த வாரப் புதன்கிழமை செருப்பு மேசையில் டெல்மர் நின்றிருந்தார். வரிசையில் வந்தது வெர்னெல் பிக்கெட். அன்றைக்குக் கதவுக்கு வெளியே கத்திய குரல் அவளுடையதுதான். கூடவே அவள் அப்பா ஹைரம் பிக்கெட். தள்ளுவண்டி இல்லாமல், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். காலில் இரண்டு பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார்.

"என்ன சைஸ் சார்?" டெல்மர் நிமிரவில்லை.

"பதிமூணு."

"பதிமூணு கெடைக்கறது கஷ்டம் சார். என் கஷ்டமும் அதான், எனக்கும் பதிமூணு."

சிரிப்பு வரவழைக்கலாம் என்று சொன்னார். பெரியவர் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். வெள்ளை பூட்ஸ். இடது காலில் சிவப்பு ஒட்டு. நிதானமாக, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"வாங்கப்பா, அவர் வேலையக் கெடுக்காதீங்க" என்றாள் வெர்னெல். "காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்காரு, பாவம்."

"ஆமாமா. நல்லா நிக்கிறாரு" என்றார் பெரியவர்.

டெல்மருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. வாயால் சொல்லலாம் என்றால் அந்த வாய் ஐம்பது வருடமாக வேடிக்கை பேசியே பழகியது. பாதியில் ஜோக்கடித்துத் தப்பித்துவிடும் என்று அவருக்கே பயம். சனிக்கிழமை காலை ஏணியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். பழைய வாக்கியத்தை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக வைத்தார்:

‘அன்று உள்ளே இருந்தது நான். கதவைத் திறக்காதது நான். பாஸ்டர் அல்ல. டெல்மர்.’

கடைசி ‘ஓ’வுக்குச் சுழியம்தான் கிடைத்தது. இறங்கி, ஏணிக்குப் பக்கத்தில், யாராவது கல்லெறிவார்கள் என்று காத்து நின்றார்.

ஒரு லாரி வந்தது. வேகத்தைக் குறைத்தது. இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

மதியத்துக்குள் அதையும் படமெடுத்துப் போட்டுவிட்டார்கள். நேற்றுவரை சாவி அனுப்பிய நாடு இன்று அழுதது. ‘நாமெல்லோருமே உள்ளே இருந்தவர்கள்தான்’ என்று ஒருவர் எழுத, அலபாமாவில் ஒரு சபை தன் பலகையில் அதையே வைத்தது. ஓரா மே கையெழுத்துக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓடிவந்து டெல்மரைக் கட்டிப்பிடித்தாள்.

"அடுத்தவன் பாவத்த உங்க தலைல தூக்கிப் போட்டுக்கிட்டீங்களே பிரதர்! இதான் கிறிஸ்துவோட சிந்தை! ஆனா ஒண்ணு, அந்த ஆளுக்கு இது தகாது. நாளைக்கு ஓட்டு ஓட்டுதான்."

பாஸ்டர் லேசி கண் கலங்க வந்தார். "எனக்காகப் பொய் சொல்லணுமா பிரதர்? வேண்டாம். எடுத்துருங்க."

"பொய்யில்ல பாஸ்டர். நெசமாவே உள்ள இருந்தேன். சாக்ஸோட நின்னேன்."

"சாக்ஸோட!" பாஸ்டர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "இந்த நேரத்துலயும் உங்களாலதான் இப்பிடி யோசிக்க முடியும்."

டெல்மர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் இமோஜினை அழைத்தார்.

"போர்டு பாத்தேன்" என்றாள். "நெசமா?"

"நெசம்."

"கார்ப்பெட்டுக்கா?"

"ஆமா."

இரண்டாம் தடவை அவள் கேட்கவில்லை. ஒருவர் நம்பிவிட்டார் என்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றாள். "தள்ளுவண்டில உக்காந்திருந்தாரே, அவர்கிட்டப் போய்ச் சொல்லு. சொல்லிட்டு அப்பறம் போன் பண்ணு."

உயர்நிலைப்பள்ளி உள்விளையாட்டு அரங்கில் கட்டில் போட்டு வெள்ளத்தில் வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். ஹைரம் பிக்கெட் கட்டிலில் உட்கார்ந்து பூசணி டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றார். "போர்டப் பாத்தேன். வெர்னெல் போன்ல காட்டுனா."

"எல்லாரும் ஜோக்குன்னு நெனைக்கிறாங்க சார்."

"அப்பிடியா? எனக்குச் சிரிப்பு வரல."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"பூட்ஸ் வாசல்ல இருந்துச்சே. சுவரோரமா, ஜோடியா, மழ படாம. பொறுப்பான ஆளுன்னு நெனச்சேன்." கரண்டியை டப்பாவுக்குள் குத்தி வைத்தார். "வெர்னெல்தான் தட்டிக்கிட்டே இருந்தா. நான்தான் போதும்மான்னேன். ஆளில்லாத வீட்டத் தட்டலாம். ஆளிருந்தும் தெறக்கலேன்னா, அதுக்கு மேல எப்பிடித் தட்டுறது? எனக்கு வெக்கமாப் போச்சு. சேறும் நாத்தமுமா, சாமான் வண்டில உக்காந்துக்கிட்டு... எங்கள யாரு உள்ள விடுவான்னு தோணிருச்சு."

டெல்மர் பூட்ஸ் காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"படகுல ஏறினப்பறம் வேற பயம் வந்துருச்சு. உள்ள இருக்கறவனுக்கு நெஞ்சுவலி கிஞ்சுவலியோ, கீழ விழுந்து கெடக்கறானோன்னு. எங்கள எறக்கிவிட்டுட்டு நீ திரும்பிப் போய்ப் பாருப்பான்னு படகுக்காரங்கிட்டச் சொன்னேன். போயிட்டு வந்தான். பூட்ஸக் காணோம்னான். அப்பத்தான் நிம்மதி. சரி, நல்லாத்தான் இருக்கான்னு." டெல்மர் முகத்தைப் பார்த்தார். "ஆமா, என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

"கார்ப்பெட்டு சார்."

"என்னது?"

"புதுக் கார்ப்பெட்டு. போட்டுப் பன்னெண்டு நாள்தான் ஆயிருந்துச்சு."

பெரியவர் இந்த மூன்று வாரத்தில் மனதுக்குள் என்னென்னவோ காரணம் கற்பித்துப் பார்த்திருக்க வேண்டும். நாய்க்குப் பயம், ஆட்களுக்குப் பயம், நோய், கிறுக்கு. இது அந்த வரிசையிலேயே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"கார்ப்பெட்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் டெல்மர் நன்றாகத் தூங்கியிருப்பார்.

"நாளைக்குப் பாஸ்டர அனுப்பறதுக்கு ஓட்டு சார். நான் எவ்ளோ சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை..."

"எனக்குத்தான் பூட்ஸ் இல்லையே. பதிமூணு கெடைக்கலேன்னு நீங்கதான சொன்னீங்க?"

டெல்மர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். கட்டிலோரம் ஜோடியாக வைத்தார். அப்படி வைத்த பிறகுதான் தான் வைத்த விதத்தைப் பார்த்தார். ஒன்றைக் கொஞ்சம் கோணலாக நகர்த்தினார். பெரியவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டெல்மர் சாக்ஸோடு ஈரச் சாலையில் வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், ஓட்டுக்கு முன்னால், டெல்மர் எழுந்து நின்றார். வீட்டில் இருந்த செருப்புகள் எல்லாம் வெள்ளத்தில் போயிருந்ததால் மூட்டையிலிருந்து எடுத்த சிவப்பும் பச்சையுமான பந்துருட்டுச் செருப்பைப் போட்டிருந்தார். ஒரு எண் சின்னது. பார்த்ததும் நாலைந்து பேர் சிரிக்கத் தயாரானார்கள்.

ஜோக்கில்லாமல் சொன்னார். தட்டியதைக் கேட்டதை, ஆட்டுக்குட்டி வயிற்றின் வழியாகப் பார்த்ததை, பிளாஸ்டிக் சுருள் தீர்ந்ததை. பாஸ்டரிடம் பொய் சொன்னதை. சிலர் புன்னகையோடு தலையாட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர் "ஆமென்" என்றார். ஓரா மே கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். டெல்மருக்குக் கால் வலித்தது.

வெளியே படியில் ரப்பர் பூட்ஸ் ஏறும் சத்தம் கேட்டது. ஐந்து படி, ஒவ்வொன்றாக.

ஹைரம் பிக்கெட் மகளின் தோளைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். உள்ளே பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக் குனிந்து, சிரமப்பட்டு, ஒரு பூட்ஸைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தார். சாக்ஸோடு உள்ளே வந்தார்.

"கார்ப்பெட்டு நனஞ்சிரக் கூடாது" என்றார், யாரிடமும் கோபமில்லாமல்.

சேறு அப்பி, நிறம் செத்து, மேலங்கி மூட்டைகளின் தடம் பதிந்த கம்பளம் அது. அதன்மேல் சாக்ஸ் காலைப் பார்த்து வைத்துக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வெர்னெல் உட்காரவில்லை. "எல்லார் போன்லயும் அந்தப் படம் இருக்குல்ல? கதவோரமா ரெண்டு வெள்ளையாத் தெரியும். பெருசு பண்ணிப் பாருங்க. பாத்துட்டு வெளிய வந்தும் பாருங்க."

ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். ஆராதனை நடக்கும் இடத்தில் போனை எடுக்கக் கூடாது என்று டெல்மரே ஒருமுறை பலகையில் வைத்திருக்கிறார். இரண்டு விரலால் படத்தை விரித்தார்கள். தள்ளுவண்டியை மூன்று வாரமாகப் பார்த்தவர்கள், தூணின் நிழலில் சுவரோரம் இருந்ததை இப்போதுதான் பார்த்தார்கள். வெள்ளையாக இரண்டு. இடது பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஓரா மே வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, டெல்மர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். பாஸ்டர் லேசி மேடையில் இருந்தபடியே, "சாக்ஸோட" என்றார், மெதுவாக, நேற்றுச் சிரித்த அதே வார்த்தையை.

பாஸ்டர் தங்குவதாக முடிவானது. ஓட்டெடுக்கக்கூட யாருக்கும் மனமில்லை. டெல்மர் கழுத்திலிருந்து கயிற்றை உருவிச் சாவியை நீட்டினார். பாஸ்டரின் கை நீளவில்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய சாவியோடு நிற்க வெட்கமாகி, சாவியிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, பக்கத்திலிருந்த கம்போ பாத்திரத்தில் டெல்மர் அதைப் போட்டார். மற்றவை விழுந்த அதே சத்தம்தான் வந்தது.

சாயங்காலம் பூட்ட வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று எல்லோருக்கும் புரிந்தது. மறுநாள் டெல்மர் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். நூற்று முப்பதாவதில் நிறுத்திவிட்டார். கேட்டால் முதுகுவலி என்பார். அன்றிலிருந்து அந்தக் கதவு பூட்டப்படவில்லை. பலகை இப்போது ஓரா மே பொறுப்பில் இருக்கிறது. ஆராதனை நேரம் மட்டும் வைக்கிறாள், யாரும் ஹாரன் அடிப்பதில்லை. புதுப் பூட்டு வாங்கக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். பித்தளை நிறமா வெள்ளி நிறமா என்பதில் பேச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. டெல்மர் அந்தக் கமிட்டியில் இல்லை.

இமோஜின் ஒரு மாதம் கழித்துத்தான் லஃப்கினிலிருந்து வந்தாள்.

ஹைரம் பிக்கெட் மறுபடி சபைக்கு வரவில்லை. பூட்ஸைத் திருப்பித் தரவும் இல்லை, டெல்மர் கேட்கவும் இல்லை. மளிகைக் கடையிலோ தபால் நிலையத்திலோ அந்தச் சிவப்பு ஒட்டு எதிரே வரும். டெல்மர் கண்ணைக் கீழே போட்டுக்கொள்வார். கீழேதான் அது இருக்கும்.

பெரியவர் ஒவ்வொரு தடவையும் நின்று, அக்கறையாக ஒன்று கேட்பார்.

"கார்ப்பெட்டு எப்பிடி இருக்கு?"

குத்திக் கேட்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று டெல்மருக்கு இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்லா இருக்கு சார்" என்பார்.